ஆடிக்காற்றில் திருச்சியிலிருந்து கும்பகோணம்: ஒருநாள் சைக்கிள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

திருச்சியிலிருந்து காவிரிக் கரையை ஒட்டியே கும்பகோணம் வரை போய், அன்றைக்கே சைக்கிளில் திரும்பிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூலை கடைசி ஞாயிறு, 28 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக், இதுவரை ஒரே மூச்சில் ஓட்டிய அதிகபட்ச தூரம் 40 கி.மீ. "வழியெல்லாம் சமதரை, ஏற்றமே கிடையாது" என்று நீங்களே ஒரு காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான்: தரை சமமாக இருந்தால் பழகிய தூரத்தை இரண்டு மடங்காகவும் நான்கு மடங்காகவும் கூட்டிக்கொள்ளலாமா? இரண்டு மடங்கு முடியும், அதற்கு மூன்று நான்கு வாரத் தயாரிப்பு போதும். நான்கு மடங்கு, அதுவும் அந்த மாதத்தில், வேண்டாம். திரும்பும் வழி முழுக்க நீங்கள் ஆடிக்காற்றை முகத்தில் வாங்க வேண்டியிருக்கும்.

தரையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கடல்மட்டத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 80 மீட்டர், கும்பகோணம் ஏறத்தாழ 25 மீட்டர். இடையில் உள்ள சரிவு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. கால் அதை உணரவே உணராது. ஆனால் சமதரையில் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் நம் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. காற்றே வீசாத காலையில் 25 கி.மீ. வேகத்தில் போகிற ஒருவர், எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அதே உழைப்புக்கு ஏறக்குறைய 15 கி.மீ. வேகம்தான் போக முடியும். அதே காற்று முதுகில் இருந்தால் 35ஐத் தொடுவார். இது என் கணக்கு. உட்காரும் விதம், உடை, எடை ஆகியவற்றைப் பொறுத்து இரண்டு மூன்று கி.மீ. கூடலாம், குறையலாம். போக்கு மாறாது. வானிலைச் செயலியில் காட்டும் காற்று வேகம் தரைக்கு 10 மீட்டர் உயரத்தில் உள்ளது. சைக்கிள்காரரின் உயரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் மரங்கள் இருந்தால் இன்னும் குறையும், திறந்த வயலில் அப்படியே அடிக்கும்.

தென்மேற்குப் பருவக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று காவிரிச் சமவெளியில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. நீங்கள் போகும் திசையும் அதேதான். அதனால் ஜூலையில் திருச்சியிலிருந்து கும்பகோணம் என்பது மிக நல்ல தேர்வு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது இதே வழியைக் கும்பகோணத்தில் தொடங்கித் திருச்சியில் முடிப்பதுதான் புத்திசாலித்தனம். பங்குனி, சித்திரையில் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும், ஆனால் அந்த வெயிலில் இந்தப் பயணமே கூடாது. எந்த மாதமானாலும் பொழுது விடிந்து இரண்டு மணி நேரம் வரை காற்று அடங்கியிருக்கும். தரை சூடேறிய பிறகுதான் மேலே ஓடும் காற்று கீழே இறங்கும். எனவே காலையில் வேகம் வரவில்லையே என்று முதல் 30 கி.மீ.யில் மிதித்துத் தள்ளாதீர்கள். எட்டரை மணிக்கு மேல் காற்றே உங்களைத் தள்ளும்.

வழியைப் பொறுத்தவரை, திருவானைக்காவலிலிருந்து கிளம்புங்கள். திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஓடும் சாலையில் கல்லணை சுமார் 15 கி.மீ. அங்கிருந்து கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி இன்னொரு 16 கி.மீ. குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிவது திருக்காட்டுப்பள்ளியில்தான். அதன் பிறகு நடுக்காவேரி, திருப்பூந்துருத்தி வழியாகக் கண்டியூர் வரை இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட சாலை. கண்டியூரில் இடதுபுறம் திரும்பிப் பாலம் ஏறினால் திருவையாறு. இது 17 கி.மீ. திருவையாற்றிலிருந்து திருப்பழனம், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் சுமார் 35 கி.மீ. மொத்தம் 83 முதல் 85 வரும். திருச்சி ஊருக்குள் உங்கள் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்து 90. தேசிய நெடுஞ்சாலை வழி இதைவிட வழவழப்பானதுதான். ஆனால் நிழல் இல்லை, லாரிகளின் காற்றழுத்தம் பக்கவாட்டில் இழுக்கும், டீக்கடைக்குக்கூட இறங்கு சாலை தேட வேண்டும். ஆற்றங்கரைச் சாலையில் தென்னையும் மூங்கிலும் வாழைக் கொல்லையும் தரும் நிழல் மட்டுமே வெப்பத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கைபேசி வரைபடம் சில இடங்களில் உங்களைக் கரையின் மேலேயே போகச் சொல்லும். கொள்ளிடக் கரையிலும் சில கிளை ஆறுகளின் கரையிலும் மண்ணும் கப்பியுமாக உள்ள பகுதிகள் உண்டு. 28 மி.மீ. டயருக்கு அவை ஆகாது. முந்தின நாள் செயற்கைக்கோள் படத்தில் வழியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலை எது என்பது தெளிவாகத் தெரியும். பாலங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு கரையிலிருந்து மறுகரை கண்ணுக்கு எதிரே இருந்தாலும் அடுத்த பாலம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஊர்களும் திசையும் மாறாதவை, அதில் நம்பிக்கையோடு இருக்கலாம். சாலையின் நிலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கரை பலப்படுத்தும் வேலை, பாலப் பணி, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் என்று ஏதாவது ஒன்று எப்போதும் எங்காவது இருக்கும். அந்த வாரம் அந்தப் பக்கம் போய்வந்தவரிடம் கேட்பது எந்த வரைபடத்தையும்விட மேல்.

ஆற்றில் தண்ணீர் பார்க்க வேண்டும் என்பதும் உங்கள் ஆசையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். கல்லணை அடுத்த சில நாள்களில் திறக்கும். ஆனால் அணையின் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். 2022இல் மே 24இலேயே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. செய்தித்தாளைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். ஆடி 18, ஆடி அமாவாசை, அவற்றை ஒட்டிய நாள்கள் ஆகாது. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்திலிருந்து திருவையாற்றுப் படித்துறை வரை கூட்டம் நிற்கும். கல்லணைப் பாலம் சாதாரண ஞாயிறு பிற்பகலிலேயே நெரியும். காலை ஆறரைக்குள் அதைக் கடந்துவிட்டால் மதகுகளுக்கு மேல் நின்று காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிந்து போவதை நிதானமாகப் பார்க்கலாம். இந்த வழியில் நின்று பார்த்தே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

சமதரை உடம்பை என்ன செய்யும் என்பதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மேடு பள்ளம் உள்ள வழியில் இறக்கத்தில் கால் ஓயும், ஏற்றத்தில் எழுந்து நிற்போம், உடம்பு தானாக நிலை மாற்றும். இங்கே நாலரை மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்து ஒரே சீராக மிதிக்க வேண்டும். முதலில் தளர்வது தொடை அல்ல. உட்காரும் இடம், உள்ளங்கை, கழுத்து இவைதான். 40 கி.மீ.யில் தெரியாத சீட் உயரக் கோளாறு 70இல் முழங்கால் வலியாக வரும். குதிகாலைப் பெடலில் வைத்து அது கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். சீட் உயரத்துக்கு அது ஓரளவு சரியான தொடக்கம். கனமான கியரைப் போட்டு அழுத்தாமல் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வருமாறு இலேசான கியரில் மிதியுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது வினாடி சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள், கைப்பிடியில் கையின் இடத்தை மாற்றுங்கள். புதுச் சீட்டு, புதுக் காலணி, புதுக் கால்சட்டை எதையும் அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். தயாரிப்புக்கு, முதல் வாரம் 50, அடுத்தது 60, அதற்கடுத்தது 70 என்று வாரம் ஒரு நீண்ட ஓட்டம். கடைசி வாரம் 30 மட்டும். 70 கி.மீ. முடித்தவருக்கு, காற்று பின்னால் இருந்தால், 85 சிரமமில்லை.

அடுத்தது வெயில். ஜூலையில் டெல்டா குளிர்ந்துவிடாது. பகல் 35, 36 டிகிரி சாதாரணம். பின்காற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நீங்கள் 25இல் போக, காற்றும் 20இல் அதே திசையில் போனால், உங்கள் மேல் படும் காற்று வெறும் 5 கி.மீ. வேகம்தான். வியர்வை காயாது, உடம்பு சூடேறும், ஆனால் வேகம் நன்றாக வருவதால் உற்சாகத்தில் அது தெரியாது. இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் போட்டு விழுவதும் உண்டு. மணிக்கு 600 முதல் 750 மில்லி தண்ணீர், ஒன்பது மணிக்கு மேல் ஒரு லிட்டர் வரை. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு. இரண்டு பாட்டில், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலம் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரை மட்டும் நம்ப வேண்டாம், உப்புப் போட்ட நீர்மோர் அதைவிடப் பொருத்தம். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். புல்லரிப்பு, நடுக்கம், வியர்வை நின்றுபோவது, பேச்சு தடுமாறுவது இதில் எது தெரிந்தாலும் பயணம் முடிந்தது. நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி 108ஐ அழைக்க வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை என்று மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மேலே சொன்ன அளவுகள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் சிக்கல் இல்லை, வழியெல்லாம் ஊர்தான். கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம். திருக்காட்டுப்பள்ளியில் இட்லி நான்கு, அதோடு நிறுத்துங்கள். நெய்ப் பொங்கலும் வடையும் வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் மணிக்கு ஒரு பழமும் இரண்டு கடலைமிட்டாயும், பசிக்கும் முன்பே. திருவையாற்றில் அசோகா அல்வா வாங்காமல் வர மனம் வராது. பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள், கும்பகோணத்தில் சாப்பிடுங்கள்.

சாலையில் என்ன எதிர்ப்படும் என்பது பயிரைப் பொறுத்தது. ஜூலையில் நடவும் உழவும் நடக்கும் வயல்களிலிருந்து டிராக்டர் ஏறும் இடங்களில் களிமண் சாலையில் ஒட்டிக் கிடக்கும். ஈரமாக இருந்தால் எண்ணெய் போல வழுக்கும். அங்கே பிரேக் போடாமல், திருப்பாமல், நேராக உருண்டு கடக்க வேண்டும். குறுவை அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியிலும் போனால் சாலையில் நெல் காயும், வைக்கோல் பரப்பியிருக்கும். நெல்லின் மேல் ஓட்டக் கூடாது. அது ஒருவருடைய ஆண்டு உழைப்பு. மேலும் மெல்லிய டயருக்கு அதில் பிடிமானமே இருக்காது. வைக்கோல் அதைவிட மோசம். பின்சக்கரப் பல்லிலும், சங்கிலியைக் கியர் மாற்றும் டெரெய்லரிலும் சுற்றிக்கொள்ளும். உணராமல் மிதித்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து டெரெய்லர் ஆரக்கம்பிக்குள் போய்விடும். வழியில் அதைச் சரிசெய்ய முடியாது. இறங்கித் தள்ளிப் போங்கள், கடந்ததும் குனிந்து ஒரு முறை பாருங்கள். பேருந்து எதிரே வரும்போது ஒதுங்குவதும் கவனம் வேண்டிய இடம். பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் நாலு விரல் அளவு இறக்கம் இருக்கும். இறங்கிவிட்டால் அந்த விளிம்பை உரசியபடியே மறுபடி ஏற முயலக் கூடாது, முன்சக்கரம் வழுக்கிக் கவிழ்க்கும். நின்று, தூக்கி வைத்து ஏறுங்கள். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை ஒவ்வொரு ஊரின் இரு முனையிலும், பள்ளி, கோயில் வாசலிலும் இருக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் நின்று இறங்கிச் சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்தால் பெரும்பாலும் அது ஆர்வமிழந்துவிடும்.

டயர் காற்றைப் பாறைபோல நிரப்புவது பழைய பழக்கம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. போதும், இந்தச் சாலைகளில் அதுதான் வேகமும் வசதியும். மிகக் குறைத்தால் வேகத்தடை விளிம்பில் மோதி டியூபில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். ஒற்றை ஓட்டை என்றால் முள். ஆற்றோரச் சீமைக்கருவேல முள் டயரைத் தைத்து முனை உடைந்து உள்ளேயே நிற்கும். புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி அதை எடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். இரண்டு டியூப், மூன்று டயர் லீவர், ஒட்டுத்தாள், பம்ப், ஆலன் சாவித் தொகுப்பு இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சைக்கிள் கடையில் டியூப் ஒட்டித் தருவார்கள், நன்றாகவே ஒட்டுவார்கள். ஆனால் ரோடு பைக் சக்கர அளவான 700சி டியூப் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவர்களது பம்பும் ரோடு பைக்கில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் அந்தச் சிக்கல் தீரும்.

நேரத்தை இப்படி வையுங்கள். ஜூலை கடைசியில் சூரியன் ஆறு மணியளவில் உதிக்கும். முன்பின் விளக்கோடு ஐந்தரைக்குத் திருவானைக்காவலை விடுங்கள். ஆறேகாலுக்குக் கல்லணை, ஏழேகாலுக்குத் திருக்காட்டுப்பள்ளி, அரை மணி நேரம் சாப்பாடு, எட்டே முக்காலுக்குத் திருவையாறு. அதுதான் முடிவெடுக்கும் இடம். ஒன்பதேகால் தாண்டியும் திருவையாறு வரவில்லை என்றாலோ, வந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றாலோ, வெட்கப்படாமல் தெற்கே 13 கி.மீ.யில் தஞ்சாவூர் போய்விடுங்கள். அதுவே 60 கி.மீ.க்கு மேலான நல்ல பயணம். அதற்கு முன்பே விலக வேண்டுமானால் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து எட்டு ஒன்பது கி.மீ. தெற்கே பூதலூர் ரயில் நிலையம். அதற்குப் பின் என்றால் கபிஸ்தலத்திலிருந்து ஆற்றைக் கடந்து மூன்று நான்கு கி.மீ.யில் பாபநாசம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பதினொரு மணிக்குள் கும்பகோணம். கோயில்களுக்குள் போக நினைத்தால் நடை பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள், வழியில் ஒன்று அல்லது இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்த்து வரும்போது ஆற்றில் இறங்கத் தோன்றும். மதகுகளுக்கும் பாலங்களுக்கும் பக்கத்தில், ஊர்க்காரர் யாரும் குளிக்காத துறையில், இறங்கவே இறங்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது, மதகுக்குக் கீழே சுழல் இருக்கும். தலைக்கு நீர் ஊற்றிக்கொள்ள வழியெங்கும் குழாயும் அடிபம்பும் கிடைக்கும்.

திரும்புவதற்கு ரயில். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு நேர்வண்டிகள் உண்டு. சைக்கிளை முழுதாக ஏற்ற வேண்டுமானால் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் வேனில் அனுப்ப வேண்டும். நீங்கள் ஏறும் வண்டியிலேயே அதுவும் ஏறும் என்ற உறுதி எல்லா நாளும் கிடைக்காது. இரு சக்கரத்தையும் கழற்றி ஒரு துணிப்பையில் கட்டி வைத்தால் கையோடு கொண்டுபோகப் பெரும்பாலும் விடுவார்கள், கூட்டமான வண்டியில் மறுக்கவும் செய்வார்கள். முந்தின வாரமே கும்பகோணம் நிலையத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அல்லது கும்பகோணத்தில் சைக்கிளைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு வந்து, காற்று திரும்பிய பின் தை மாதத்தில் எடுத்துக்கொண்டு அதே வழியில் மேற்கே ஓட்டி வாருங்கள்.